வீட்டுக்கு வேண்டிய விஞ்ஞானம்: கியர் மாறும்போது வண்டி உதைப்பதேன்?

மனிதனுக்கு வரும் வயிற்றுவலியெல்லாம் குடல்வால் நோயாகிவிடுவதில்லை. சீரகக் கஷாயத்தோடு தீர்ந்து போவனவும் உண்டு. சத்திர சிகிச்சையாலன்றித் தீராதனவும் உண்டு. இன்னது நோய் என்று அறியுமுன்பே கத்தியைக் கையிலெடுப்பவன் நல்ல வைத்தியன் ஆகமாட்டான். மோட்டார் வண்டியின் கியர்ப் பெட்டிக்கும் இவ்விதி முற்றும் பொருந்தும்.

‘ஒட்டோ கியர்’ என்று நாம் பேச்சு வழக்கிற் கூறும் தானியங்கிக் கியர்ப் பெட்டியைக் கொண்ட கார்கள் இலங்கையின் வீதிகளில் இன்று பல்கிப் பெருகியுள்ளன. அவற்றுட் பல, யப்பானிற் சில ஆண்டுகள் ஓடிய பின்னர் இங்கு வந்து சேர்ந்தவை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு அத்தடை நீக்கப்படும் வரையில், உள்ள வண்டியைப் பேணிக் காப்பதைவிட வேறு வழி பெரும்பாலோருக்கு இருக்கவில்லை. தடை நீங்கிய பின்னரும் புது வண்டி வாங்கும் வசதி எல்லாக் குடும்பங்களுக்கும் வாய்த்துவிடவில்லை. ஆதலால், பதினைந்து இருபது வயது சென்ற கார்கள் இன்னும் பிள்ளைகளைப் பள்ளிக்கும், முதியோரை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுசென்ற வண்ணமே இருக்கின்றன.

இத்தகைய வண்டியொன்று ஒருநாட் காலை, நெம்பை ‘டி’யில் இட்டதும் ‘டக்’கென்று உதைக்கின்றது, அல்லது முதலாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோலத் துள்ளுகின்றது. கராஜுக்குக் கொண்டுபோனால், “பெட்டியை இறக்கிப் பார்க்க வேண்டும்” என்ற ஒரே வாக்கியம் தீர்ப்பாக வந்துவிடுவதுமுண்டு. அதைக் கேட்ட குடும்பத் தலைவரின் மனத்தில் பிள்ளைகளின் ரியூஷன் கட்டணமும் மாதக் கடைசியின் கடனும் வரிசையாக வந்து நிற்கும். அவ்வாக்கியத்துக்குச் சம்மதம் கொடுக்குமுன் நாமே பார்க்கக்கூடியவை யாவை என்பதைச் சொல்வதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கம்.

உள்ளே நடப்பது என்ன?

எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையில் ‘ரோர்க் கொன்வேட்டர்’ என்னும் வட்ட வடிவான கலமொன்று உண்டு. மேசை விசிறிகள் இரண்டை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றினால் மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்கும். அங்கே காற்றுச் செய்யும் வேலையை இங்கே எண்ணெய் செய்கின்றது. காலால் மிதிக்கும் கிளச் இல்லாமலே வண்டி நிற்கவும் புறப்படவும் முடிவது இதனாலேயாம்.

அதற்கப்பால் உள்ள பற்சக்கரங்கள் சூரிய மண்டலத்தை ஒத்தவை. நடுவிற் சூரியச் சக்கரம். அதனைச் சுற்றிச் சிறிய கோட்சக்கரங்கள். எல்லாவற்றையும் சூழ்ந்து ஒரு வளையச் சக்கரம். இம்மூன்றில் எதைப் பிடித்து நிறுத்துகின்றோம், எதைச் சுழலவிடுகின்றோம் என்பதைப் பொறுத்துக் கியர் மாறுகின்றது. பிடிப்பதும் விடுவதும் கிளச் தட்டுகளின் வேலை. அத்தட்டுகளை அழுத்துவது எண்ணெயின் அமுக்கம். அந்த எண்ணெயை எவ்வழியில் எப்போது செலுத்துவது என்பதைத் தீர்மானிப்பன சொலனொயிட் எனப்படும் சிறு மின்வால்வுகள். அவற்றுக்குக் கட்டளையிடுவது வண்டியிலுள்ள கணினி.

ஒரு கிளச் விடும் கணமும் அடுத்த கிளச் பிடிக்கும் கணமும் ஒன்றோடொன்று இசைந்தால், கியர் மாறியதே நமக்குத் தெரியாது. இசைவு தவறினால் வண்டி உதைக்கும். அவ்விசைவு குலைவதற்குத் தட்டுகள் தேய்ந்திருக்க வேண்டுமென்பதில்லை. எண்ணெய் குறைந்திருக்கலாம், பழுதடைந்திருக்கலாம், கணினிக்குச் செல்லும் மின்சாரம் சீர்கெட்டிருக்கலாம், பெட்டியைத் தாங்கும் றப்பரே கிழிந்திருக்கலாம். இவையாவும் பெட்டியை இறக்காமலே பார்க்கக்கூடியவை என்பதை மனத்திற் கொள்க.

முதற் செலவு ஒரு கொப்பி

சோதனையின் முதற்படி, பிள்ளைகளிடம் ஒரு பழைய கொப்பியை வாங்கி வண்டியில் வைத்துக்கொள்வதுதான். உதைப்பு எப்போது நிகழ்கின்றது? காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, வெகுதூரம் ஓடிச் சூடேறிய பின்னரா? ‘பி’யிலிருந்து ‘டி’க்கோ ‘ஆர்’க்கோ மாற்றும்போதா, ஓட்டத்தில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏறும்போதா, வேகம் குறைந்து நிற்கப்போகும்போதா? மூன்று நாட்கள் ஓட்டிக் குறித்துவைத்தால், அக்குறிப்பே பாதி வைத்தியமாகும்.

நிற்கும் வண்டியில் நெம்பை மாற்றும்போது மட்டும் உதைத்தால், எஞ்சினின் ஓய்வு வேகத்தையும் அதைத் தாங்கும் மவுண்டுகளையும் முதலிற் சந்தேகிக்க வேண்டும். ஒரேயொரு மாற்றத்தில் மட்டும், உதாரணமாக இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மட்டும் உதைத்தால், அக்கியருக்குரிய சொலனொயிட், வால்வு அல்லது கிளச்சின்மீது ஐயம் விழும். எல்லாக் கியர்களும் திடீரென ஒரேநாளிற் கடுமையானால் மின்கோளாறு இருத்தல் கூடும். ஏனெனில், கணினி பிழையைக் கண்டால் பெட்டியைக் காக்கும்பொருட்டு எண்ணெய் அமுக்கத்தை உச்சத்துக்கு ஏற்றி, ஒரே கியரில் வண்டியை ஓடவைப்பதுண்டு. குளிரில் நன்றாயிருந்து சூட்டில் மட்டும் கெட்டால், எண்ணெய் தன் குணத்தை இழந்ததோ, உள்ளே றப்பர் முத்திரைகள் தளர்ந்து அமுக்கம் கசிவதோ காரணமாகலாம்.

உதைப்பு வேறு, வழுக்கல் வேறு என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். அக்சிலறேற்றரை மிதிக்கையில் எஞ்சினின் இரைச்சல் ஏறி, வண்டியின் வேகம் ஏறாதிருந்தால் அது வழுக்கல். உதைக்கும் வண்டியைச் சில நாட்கள் மெதுவாக ஓட்டிச் சோதிக்கலாம். வழுக்கும் வண்டியை எண்ணெய் மட்டத்தைப் பார்க்கும் வரை ஓட்டலாகாது. ஓடும் ஒவ்வொரு மைலும் கிளச் தட்டுகளை எரிக்கும்.

ஒரு சதமும் செலவில்லாத சோதனைகள்

முதலாவது, எண்ணெய் மட்டம். பல கார்களில், இருபது நிமிடமாவது ஓடிச் சூடேறிய பின்னர், சமதரையில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே, பிரேக்கை மிதித்துக்கொண்டு நெம்பை எல்லா நிலைகளிலும் ஒருமுறை நகர்த்தி, ‘பி’யில் நிறுத்திய பின் அளவுக்கோலை எடுத்துப் பார்க்க வேண்டும். ஹொண்டா கார்கள் பலவற்றிலோ, எஞ்சினை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். வண்டியோடு வந்த கைநூலைப் பார்த்து இதனை உறுதிசெய்க. அளவுக்கோலே இல்லாத வண்டிகளும் உள. அவற்றில் குறித்த வெப்பநிலையில், அடியிலுள்ள துவாரத்தின் வழியாக மட்டத்தை அறிய வேண்டியிருப்பதால் அது கராஜின் வேலை. அளவுக்கோலைத் துடைக்கப் பஞ்சுநார் உதிராத துணியையே உபயோகிக்க வேண்டும்.

எண்ணெய் குறைந்தால் பம்பி காற்றை உறிஞ்சும், அமுக்கம் தடுமாறும். கூடினாலும் நன்மையில்லை. சுழலும் சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையிலுள்ள காற்று அமுங்குமாதலால் கிளச் தட்டுகளை உறுதியாக அழுத்த முடியாது. ‘சற்றுக் கூடவே இருக்கட்டும்’ என்று ஊற்றுவது தவறு என்பதற்கு இதுவே காரணம். மட்டம் குறைந்திருந்தால், அது எங்கே போயிற்று என்றும் தேட வேண்டும். பெட்டி எண்ணெயை எரிப்பதில்லை. குறைந்ததென்றால் எங்கோ கசிகின்றது என்பது பொருள்.

அளவுக்கோலில் உள்ள எண்ணெயில் ஒருதுளியை வெள்ளைக் கடதாசியில் விட்டுப் பாருங்கள். புதிதாகச் செந்நிறத்தில் இருந்த எண்ணெய் மங்கிக் கபிலமாவது வயதினால் நேர்வது. கருநிறமும் தீய்ந்த வாடையும் கிளச் எரிந்ததற்கு அடையாளம். றேடியேற்றரின் உள்ளே எண்ணெயைக் குளிர்விக்கும் குழாயுள்ள வண்டிகளில் அக்குழாய் துளைபட்டால் தண்ணீர் கலந்து, எண்ணெய் பால் சேர்த்த சர்பத்துப்போல வெளிறித் தோன்றும். அத்தகைய வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். ஏனெனில் தண்ணீர் கிளச் தட்டுகளின் மேற்பூச்சைப் பிரித்துவிடும்.

இரண்டாவது, எஞ்சினைத் தாங்கும் மவுண்டுகள். றப்பரும் இரும்பும் சேர்ந்த இவை வெப்பத்தில் வெடித்துக் கிழிவது இயல்பு. கிழிந்தால், ‘டி’யில் இட்டதும் எஞ்சின் முழுவதும் அசைந்து உடலில் மோதும்; உள்ளிருப்பவருக்கோ கியர்ப் பெட்டியே உடைந்ததுபோலத் தோன்றும். சோதிக்கும் முறை இது: கைப்பிரேக்கை இழுத்து, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பொனற்றைத் திறந்து, சாரதி கால்பிரேக்கை இறுக மிதித்தபடி ‘டி’க்கும் ‘ஆர்’க்கும் மாறிமாறி நெம்பை நகர்த்த வேண்டும். பார்ப்பவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் ஒருவரும் நிற்றலாகாது. சிறுவரை அருகே விடவும் கூடாது. எஞ்சின் துள்ளி எழும்பினால் மவுண்டைப் பாருங்கள். பெட்டியைத் திருத்தும் செலவோடு ஒப்பிட்டால் மவுண்டின் விலை அற்பமே.

மூன்றாவது, ஓய்வு வேகம். சூடேறிய எஞ்சின் நிற்கும் நிலையில் நிமிடத்துக்கு 650 முதல் 800 சுற்று வரையில் ஓடுவது பல சிறு கார்களில் வழக்கம். அது 1,100, 1,200 என்று நின்றால், ‘டி’யில் இடும்போது உதைக்கவே செய்யும். காற்று நுழையும் வால்வில் அழுக்குப் படிவதும் எங்கேனும் காற்று ஒழுகுவதும் இதற்குச் சாதாரண காரணங்கள். இங்கே குற்றவாளி எஞ்சினேயன்றிக் கியர்ப் பெட்டி அன்று.

நான்காவது, பற்றரியும் மின்தொடர்பும். எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ற்றும், ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ற்று வரையிலும் இருத்தல் நலம். பற்றரியின் முனைகளிற் படியும் வெண்பச்சைப் பூவை வெந்நீரால் கழுவுங்கள். எஞ்சினிலிருந்து உடலுக்குச் செல்லும் புவித்தொடர்புக் கம்பி துருப்பிடித்துள்ளதா என்றும் பாருங்கள். சொலனொயிட்டுக்குச் செல்லும் மின்சாரம் தளர்ந்தால் கட்டளையும் தளரும்.

ஐந்தாவது, டாஷ்போர்ட்டின் விளக்குகள். பழைய ரொயோட்டா கார்களில் ‘ஓ.டி. ஓஃப்’ என்னும் விளக்கும், ஹொண்டா கார்களில் ‘டி’ என்னும் எழுத்தும் மினுக்கினால், கணினி ஏதோ பிழையைக் கண்டு பதிந்துவைத்துள்ளது என்பது பொருள். அப்பிழையின் இலக்கத்தை வாசிக்கும் சிறு கருவி இப்போது கராஜுகள் பலவற்றில் உண்டு. ‘பீ 0750’ என்று வந்தால், முதலாவது மாற்றுச் சொலனொயிட்டின் வழியிற் கோளாறு என்று அறியலாம். ஆனால் இலக்கம் காட்டுவது வழியையேயன்றிப் பொருளையன்று. சொலனொயிட் நன்றாயிருந்து, அதற்குப் போகும் கம்பி அறுந்திருந்தாலும் அதே இலக்கம் வரலாம்.

எண்ணெய் மாற்றுவது நன்றா, தீதா?

மேற்கண்டவை எல்லாம் சரியாயிருந்தால் அடுத்த படி எண்ணெய் மாற்றுவது. இவ்வெண்ணெய் வெறும் வழுவழுப்புக்காக ஊற்றப்படுவதன்று. கிளச் பிடிக்கும்போது எவ்வளவு வழுக்க வேண்டும், எவ்வளவு பற்ற வேண்டும் என்பதை அதிற் கலந்துள்ள மருந்துகளே நிர்ணயிக்கின்றன. முன்னாளில் இம்மருந்துக்குத் திமிங்கில எண்ணெயையே உபயோகித்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதனைத் தடைசெய்த பின்னரே இரசாயனப் பொருள்கள் அதன் இடத்தைப் பிடித்தன. ஆதலால், ‘எந்தச் சிவப்பு எண்ணெயும் சரிதான்’ என்னும் பேச்சை நம்பற்க. ரொயோட்டாவின் ‘ரீ-4’ வேறு, ‘டபிள்யூ.எஸ்.’ வேறு, ஹொண்டாவின் பழைய ‘இசெட்-1’ எண்ணெய்க்குப் பதிலாக வந்தது ‘டீ.டபிள்யூ-1’. கைநூலிலோ அளவுக்கோலிலோ பொறித்துள்ள பெயரைப் பார்த்தே வாங்க வேண்டும்.

அடியிலுள்ள ஆணியைக் கழற்றினால் எண்ணெய் முழுவதும் வெளியேறாது. ரோர்க் கொன்வேட்டரிலும் குழாய்களிலும் பெரும்பகுதி தங்கிவிடும். மாணவர்களுக்கு இதில் ஓர் எளிய கணக்கு உண்டு. பெட்டி 6 லீற்றர் கொள்ளும், ஒருமுறையில் 3 லீற்றர் வெளியேறும் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறையில் பாதி புதிதாகும். இரண்டாம் முறையில் நாலில் மூன்று பங்கு. மூன்றாம் முறையில் எட்டில் ஏழு பங்கு. மாதம் ஒருமுறையாக மூன்று மாதங்களிற் செய்தால் செலவும் ஒரே மாதத்தில் விழாது. வெளியேறிய எண்ணெயைப் பாத்திரத்தில் அளந்து, அதே அளவையே திரும்ப ஊற்ற வேண்டும். அடித்தட்டைக் கழற்ற நேர்ந்தால் அதிலுள்ள காந்தத்தைப் பாருங்கள். சந்தனம்போற் குழைந்த சாம்பல்நிறப் பசை இயல்பானது. நகத்துண்டுபோல இரும்புச் சீவல்கள் கிடந்தால் அது உள்ளே உடைவு என்பதற்குச் சாட்சி.

‘பழைய வண்டிக்கு எண்ணெய் மாற்றினாற் பெட்டி செத்துவிடும்’ என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. பெரும்பாலும், பெட்டி சாகும் தறுவாயில் வழுக்கத் தொடங்கிய பின்னரே மக்கள் எண்ணெயை மாற்றுகின்றார்கள். பின்பு அது நின்றுவிட்டால் பழி எண்ணெய்மேல் விழுகின்றது. ஆயினும் அந்நம்பிக்கையில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. பல்லாண்டுகள் மாற்றாத பெட்டியில், இயந்திரம் பூட்டி விசையோடு எண்ணெய் செலுத்திக் கழுவுதல் கூடாது. அடியில் உறங்கும் அழுக்கு எழுந்து வால்வுகளின் நுண்வழிகளை அடைத்தல் கூடும். சிறிது சிறிதாக மாற்றும் முறையே தக்கது. எண்ணெய் தீய்ந்து, வண்டியும் வழுக்கினால், புது எண்ணெய் அதைக் குணப்படுத்தாது. அப்பணத்தைத் திருத்தத்துக்காகச் சேமிப்பதே விவேகம். ‘ஊற்றினாற் போதும், சகலமும் தீரும்’ என்று விற்கும் போத்தல்களையும் இக்கணக்கிலேயே சேர்க்க.

பற்றரியைக் கழற்றினாலோ எண்ணெயை மாற்றினாலோ, சில வண்டிகளின் கணினி கியர் மாற்றும் பழக்கத்தைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். சில நாட்கள் நிதானமாக ஓட்டிய பின்னரே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இறக்காமல் இன்னுமொரு படி

இத்தனையும் செய்த பின்னரும் உதைப்பு நிற்கவில்லையானால், சொலனொயிட்டுகளைச் சோதிக்கலாம். பல ரொயோட்டாப் பெட்டிகளில் கியர் மாற்றும் சொலனொயிட்டின் மின்தடை 11 முதல் 15 ஓம் வரை இருத்தல் வேண்டும். மின்தடை சரியாயிருந்தும் அழுக்கினால் அது இறுகியிருக்கலாம். பல கார்களில் வால்வுத் தொகுதியைப் பெட்டியை இறக்காமலே, அடித்தட்டைக் கழற்றி வெளியே எடுத்துவிடலாம். ஆனால் இது நுண்ணிய வேலை. ஒரு சிறு குண்டு இடம் மாறினாலும் கியர் கெட்டுப்போகும். பழகிய கையே இதனைச் செய்ய வேண்டும்.

எல்லா ஒட்டோவும் ஒன்றல்ல

‘சீ.வீ.ரீ.’ எனப்படும் பெட்டியில் கியர்களே இல்லை. இரு கப்பிகளுக்கிடையே ஓர் உருக்குப் பட்டி ஓடுகின்றது. அதற்குரிய எண்ணெயும் வேறு. சாதாரண ஒட்டோ எண்ணெயை அதில் ஊற்றுவது பெட்டியைக் கொல்வதற்கு ஒப்பாகும். ஹொண்டா ஃபிற்றின் முதல் தலைமுறைச் சீ.வீ.ரீ. கார்கள் புறப்படும்போது நடுங்குவதற்கு, அவற்றிலுள்ள புறப்பாட்டுக் கிளச்சே பெரும்பாலும் காரணம். உரிய எண்ணெயை மாற்றி, கிளச்சைக் கணினிக்கு மீளக் கற்பித்தால் பல வண்டிகளில் அந்நடுக்கம் தணியும்.

2013ஆம் ஆண்டில் வந்த ஃபிற் ஹைபிரிட், வெசல் ஹைபிரிட் என்பவற்றில் இரட்டைக் கிளச்சுப் பெட்டி உண்டு. 2013, 2014ஆம் ஆண்டுகளில் ஹொண்டா நிறுவனம் அவற்றின் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்துவதற்காக யப்பானில் வண்டிகளைப் பலமுறை திரும்ப அழைத்தது. ஆதலின் இவ்வண்டியை உடையோர், தமது செசி இலக்கத்தைக் காட்டி, அத்திருத்தம் செய்யப்பட்டுள்ளதா என்று முதலில் விசாரிப்பது நல்லது. ரொயோட்டா பிரியஸ், அக்குவா முதலிய ஹைபிரிட்டுகளிலோ படிப்படியாக மாறும் கியரே கிடையாது. அவற்றில் உதைப்பு ஏற்பட்டால் எஞ்சின், மவுண்ட் முதலியவற்றையே ஆராய வேண்டும்.

கராஜிற் கேட்க வேண்டியவை

நல்ல மெக்கானிக் கேள்விக்குக் கோபிப்பதில்லை. “எண்ணெயை எனக்குக் காட்டுங்கள், கணினி காட்டிய இலக்கத்தை எழுதித் தாருங்கள், மவுண்டுகளைப் பார்த்தீர்களா? பெட்டியைத் திறந்தபின் இன்னும் என்னென்ன செலவு வரலாம்? கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவீர்களா?” என்று மரியாதையோடு கேளுங்கள். கொப்பியில் எழுதிய குறிப்பை அவரிடம் கொடுங்கள். அவருக்கும் அது துணையாகும். பெட்டியை மீளமைப்பதா, யப்பானிலிருந்து வந்த பழைய பெட்டியொன்றை மாற்றுவதா என்ற நிலை வந்தால், இரண்டுக்கும் எழுத்தில் விலையும் உத்தரவாதமும் பெற்ற பின்னரே முடிவு செய்யுங்கள். மாற்றும் பெட்டியின் இலக்கம் பழையதன் இலக்கத்தோடு ஒத்திருத்தல் அவசியம்.

திருத்திய வண்டியைக் காப்பது நம் கையில் உள்ளது. வண்டி முற்றாக நின்ற பின்னரே ‘ஆர்’க்கு மாற்ற வேண்டும். கடுகண்ணாவை இறக்கத்திலும் இறம்பொடை வளைவுகளிலும் எண்ணெய் மிச்சம் பிடிப்பதாக நினைத்து ‘என்’னில் உருட்டிச் செல்வோர், பிரேக்கை எரிப்பதோடு உயிரையும் பணயம் வைக்கின்றனர். அங்கே ‘2’ அல்லது ‘எல்’ நிலையில் இறங்குவதே முறை. பழுதான முன்சில்லு ஓட்டமுள்ள ஒட்டோ காரைக் கயிறு கட்டி நெடுந்தூரம் இழுத்தலும் தவறு; முன்சில்லுகளைத் தரையினின்று உயர்த்தியே கொண்டுசெல்ல வேண்டும்.

வண்டியைத் திருத்தும் வித்தை எல்லோருக்கும் வர வேண்டுமென்பதில்லை. தன் வீட்டுப் பணம் எதற்குச் செலவாகின்றது என்று அறியும் உரிமை மட்டும் எல்லோருக்கும் உண்டு. விலை குறைந்த காரணத்தை முதலிற் பார்த்து, விலை கூடியதை இறுதிக்கு வைத்தால், பல வீடுகளில் அவ்விறுதிப் படிக்கு ஏற வேண்டிய தேவையே நேராது.